சின்னமன் ரோலுக்கு இட்லித் துணி

1. டப்

கண்ணாடி மூடி உடைந்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. 'டப்' என்று ஒரே சத்தம்தான். எட்டிப் பார்த்தால் மூடி மூன்று துண்டாகிக் கிடந்தது. அதன்மேல் நான் அடுக்கியிருந்த கரித்துண்டுகளில் பாதி உள்ளே விழுந்து, மாவின்மேல் உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தன. மூடி என்னுடையதல்ல, பாத்திரமும் என்னுடையதல்ல. இரண்டும் மாடி அறையில் தங்கியிருந்த அமெரிக்க அம்மாளுடையவை. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பாத்திரத்தில் ஒழுங்காக இனிப்பு ரோல் செய்து காட்டாவிட்டால் என் வேலை போய்விடும் என்றிருந்த நேரம் அது.

கேட்டரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "ஓவனே இல்லாம சின்னமன் ரோல் செஞ்சீங்களாமே?" என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். செய்முறையை மட்டும் சொன்னால் நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் நான் அடித்த கூத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2. ஏழு மணி வேன்

தொண்ணூறுகள் முடிகிற சமயம். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கெஸ்ட் ஹவுஸாக வாடகைக்கு எடுத்திருந்தது. அதில் நான்தான் குக். பின்பக்கம் ஓர் அறை கொடுத்திருந்தார்கள், அங்கேயே தங்கிக்கொண்டேன். சூப்பர்வைசர் பீட்டர் சார் காக்ஸ் டவுனிலிருந்து மொபெட்டில் வருவார். நல்ல மனிதர். ஃபியூஸ் போனாலும் சிலுவை போட்டுக்கொள்வார், திரும்ப வந்தாலும் சிலுவை போட்டுக்கொள்வார்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஐந்தாறு பேர் எப்போதும் தங்கியிருப்பார்கள். அவர்களை ஆபீசுக்கு ஏற்றிப் போக ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். இட்லி, பொங்கல், பூரி என்று நான் சுடச்சுடப் போடுவேன். முதல் வாரம் போட்டோ எடுப்பார்கள். இரண்டாவது வாரம் வாழைப்பழத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு வேன் ஏறுவார்கள். காலையில் அவர்களுக்கு இனிப்பாக, மெத்தென்று, காபியோடு கடிக்க ஏதாவது வேண்டும். பேக்கரியில் அன்றைய முதல் தட்டு வெளியே வரவே எட்டு மணி ஆகும். முந்தின நாள் பன்னை வாங்கி வைத்துப் பார்த்தோம், அதையும் ஒதுக்கினார்கள். ஓவன் வாங்கலாம் என்றால் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. வயரிங் பழசு, தாங்காது என்றார்.

சாப்பாட்டு மேசையில் ஒரு கமெண்ட் புக் உண்டு. மாதம் ஒருமுறை கம்பெனியின் அட்மின் மேனேஜர் நாகராஜ் சார் வந்து அதைப் புரட்டுவார். அந்த மாதம் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். கன்னடக்காரர், ஆனால் என்னிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"கஸ்தூரம்மா, கோபம் பண்ணிக்காதீங்க. டின்னர் எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸுன்னு எழுதிருக்காங்க. பிரேக்ஃபாஸ்ட்டுக்கு மட்டும் மூணு கம்ப்ளெயிண்ட்டு. மேல இருந்து கேக்கறாங்க, கேட்டரர்கிட்ட முழுசா குடுத்துடலாமான்னு."

"முழுசான்னா, டின்னரும் சேத்தா சார்?"

"ஹவுது மத்தே, ஆமா பின்ன! ஒரு வேளைக்கு மட்டும் எந்தக் கேட்டரரு வருவான்? அடுத்த வெள்ளிக்கிழம காலைல நானே வந்து இவங்களோட உக்காந்து சாப்பிடறேன். நோடோணா, பாக்கலாம்."

வேலை போனால் அந்தப் பின்னறையும் போகும். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் இறந்து நான்கு வருடம். அந்த அறைக் கதவுக்கு நானே பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். அதை விட்டுவிட்டு மறுபடி தம்பி வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்க நான் தயாராக இல்லை.

3. கேரல் மேடம் காட்டிய வித்தை

மாடியில் இருந்த கேரல் மேடம் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூன்று மாதம் தங்க வந்தவர், பெட்டியில் ஒரு ஸ்லோ குக்கரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ராஜ்மா போல ஏதோ பயறை காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சூப்பாகியிருக்கும். முட்டை வடிவத்தில் கனமான பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றிச் சூடு தரும் உறை, கண்ணாடி மூடி, லோ - ஹை என்று ஒரு திருகி. நம்மூர் கரண்டுக்கு ஒத்துவராது என்பதால் பீட்டர் சார் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரிக் கடையிலிருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும்.

என் நிலைமை பீட்டர் சார் மூலம் அவர் காதுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை குக்கரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார். கோடையில் வீடு சூடாகக் கூடாது என்று தன் ஊரில் ஓவனை மூட்டாமல் இதிலேயே ரோல் செய்வாராம்.

மைதா, ஈஸ்ட், வெதுவெதுப்பான பால், வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை. பிசைந்து உப்ப வைத்து, சப்பாத்திக்குத் தேய்ப்பதுபோல் பெரிதாகத் தேய்த்தார். மேலே வெண்ணெய் தடவி பட்டைத் தூள் தூவினார். பிரவுன் ஷுகர் இல்லையே என்று அவர் விழித்தபோது நான் நாட்டுச் சர்க்கரையை எடுத்து நீட்டினேன். ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தவர் இன்னொரு சிட்டிகையும் போட்டுக்கொண்டார். பிறகு பாயைப் போல் மாவைச் சுருட்டி, ஒன்பது துண்டாக நறுக்கி, பாத்திரத்தில் வெண்ணெய்க் காகிதம் விரித்து அடுக்கினார். மூடுவதற்கு முன் டிஷ்யூ பேப்பரை நாலு மடிப்பாக மூடியின் அடியில் கொடுத்து மூடினார். 'ஹை'யில் இரண்டு மணி நேரம். திறந்தால் பஞ்சு போல் ஒன்பது ரோல்.

அந்தப் பேப்பர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. இவர்கள் எதற்கெடுத்தாலும் பேப்பர் வைக்கிறவர்கள், இதுவும் ஒரு சுத்தம் பார்க்கிற பழக்கம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. என் தம்

இப்போது என் பெருமையைச் சொல்ல வேண்டும். கெஸ்ட் ஹவுஸுக்கு வரும் முன் பத்து வருடம் சிவாஜி நகர் பக்கம் கல்யாண பிரியாணிக் குழுவில் இருந்தேன். தம் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. மைதாவை நீளமாக உருட்டி மூடியைச் சுற்றி ஒட்டி, மேலே கரி போட்டால் ஒரு நூல் ஆவி வெளியே போகாது.

செவ்வாய்க்கிழமை ரோல்களை அடுக்கிவிட்டு ஸ்லோ குக்கரைப் பார்த்தேன். கண்ணாடி மூடி லேசாக ஆடியது, ஓரத்தில் ஆவி கசிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு ஆவியை வீணாக விடுகிறார்களே என்று மைதாவை உருட்டி மூடியைச் சுற்றி ஒட்டினேன். பேப்பரை வைக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். ரோல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளை வெளேரென்று, மேலே தண்ணீர் தேங்கி நின்றது. விரலை வைத்தால் உள்ளே போனது. பீட்டர் சார் எதையும் வீணாக்க மாட்டார். ஒன்றை எடுத்து மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"எப்படி சார் இருக்கு?"

"நல்லா இருக்குமா. கொழுக்கட்டதான?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்ததும் யோசித்தேன். யோசித்தது தப்பான பக்கம். தப்பு என்னுடையதாக இருக்காது, பாத்திரத்தில் மேல்சூடு இல்லை, அதுதான் கோளாறு என்று தீர்மானித்தேன். மறுநாள் புதனன்று, சனிக்கிழமை கபாபுக்காக வாங்கி வைத்திருந்த கரியைப் பற்றவைத்து மூடிமேல் அடுக்கினேன். பிரியாணி தேக்சாவின் இரும்பு மூடிக்கும் கண்ணாடி மூடிக்கும் வித்தியாசம் தெரியாமல் இல்லை. பதற்றத்தில் கண் மறைத்துவிட்டது. டப்.

5. மாலை ஆறு மணி

பீட்டர் சார் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றினார். "பூனை தள்ளிவுட்டுடுச்சுன்னு சொல்லிக்கலாம் கஸ்தூரி," என்றார். பூனை என்ன பாவம் செய்தது? கேரல் மேடம் ஆறு மணிக்கு வேனிலிருந்து இறங்கியதும் பொட்டலத்தை எடுத்துப்போய் அவர் முன்னால் பிரித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மீ. ஹாட் கோல். மை மிஸ்டேக்," என்றேன்.

அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டதோ வேறு. "கஸ், டிட் யூ புட் த பேப்பர்?"

"நோ மேடம்."

என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாலின்மேல் ஒரு தட்டை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிச் சாய்த்தார். அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவ்வளவுதான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்து வயதிலிருந்து இட்லி ஊற்றுகிறவள் நான். மூடித் தண்ணீர் சொட்டினால் மேல்தட்டு இட்லி நசநசவென்று ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? பிரியாணிக்கு அந்த ஈரம் வேண்டும், ரோலுக்கு ஆகாது. தம் போடத் தெரிந்த கர்வத்தில் இட்லி ஊற்றத் தெரிந்ததை மறந்திருந்தேன்.

அவருடைய பேப்பர் சுருள் ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்திருந்தது, மூடியும் இல்லை. அதனால் என்ன? இட்லிப் பானையின் குவிந்த அலுமினிய மூடியை வைத்துப் பார்த்தேன். ஓரங்களில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, பரவாயில்லை. துவைத்துக் காய்ந்த இட்லித் துணியை அதன் அடியில் விறைப்பாக இழுத்து, நாலு முனையையும் மேலே கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். வியாழக்கிழமை செய்து பார்த்ததில் ரோல் உப்பி, காய்ந்து, பதமாக வந்தது. மேலே மட்டும் வெளுப்பு. ஒட்டியிருந்த ரோல்களை அப்படியே மொத்தமாக வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் குப்புறக் கவிழ்த்து இரண்டு நிமிடம் விட்டதும் அதுவும் சிவந்தது. பீட்டர் சார் இந்தத் தடவை இரண்டு சாப்பிட்டார், பெயர் எதுவும் வைக்கவில்லை.

6. வெள்ளிக்கிழமை

நாலரை மணிக்குப் பாத்திரத்தை ஏற்றினேன். ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.

பீட்டர் சார் அன்று சீக்கிரமே வந்திருந்தார். சிலுவை போட்டுக்கொண்டு, "தொறந்து பாரும்மா, வெந்துச்சா இல்லியான்னாவது தெரியும்," என்றார்.

"தொறந்தா சூடு போயிடும் சார். உங்க ஸ்வெட்டரக் குடுங்க."

"என்னாத்துக்கு?"

"இதுக்குப் போத்தத்தான்."

குளிரில் நடுங்கிக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாத்திரத்தைச் சுற்றி ஸ்வெட்டரைச் சுற்றி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கை திறக்கத் துறுதுறுத்தது. பீங்கான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம் வேலையில் கற்றதில் ஒன்றே ஒன்றுதான் அன்று உதவியது, திறக்காமல் இருப்பது. இருபது நிமிடத்தில் விளக்கு வந்தது, பிளக்கை மறுபடி செருகினேன். ஆறரைக்கு நாகராஜ் சாரும் வந்துவிட்டார்.

ஆறே முக்காலுக்குத் திறந்தேன். ரோல் உப்பி நின்றது. கல்லில் கவிழ்த்து, சிவக்கவிட்டு எடுத்து, பொடித்த சர்க்கரையைப் பாலில் குழைத்து மேலே ஊற்றி அனுப்பினேன். பட்டை வாசனை வாசல்வரை போனதாக வேன் டிரைவர் பிறகு சொன்னார். கதவு இடுக்கில் பார்த்தேன். விருந்தாளிகள் ஐந்து பேரும் விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணிக்கு வேன் கிளம்பியதும் நாகராஜ் சார் சமையலறைக்கு வந்தார். முகத்தில் சந்தேகம்.

"கஸ்தூரம்மா, நெஜம் சொல்லுங்க. எந்த பேக்கரி?"

"இந்நேரத்துக்கு எந்த பேக்கரி சார் தொறந்திருக்கும்?"

"ஓவன் இல்லையே இங்க!"

இட்லிப் பானை மூடியிலிருந்து முடிச்சை அவிழ்த்து, துணியைத் தொட்டியின் மேல் பிடித்து முறுக்கிப் பிழிந்தேன். தண்ணீர் ஒழுகியது.

"இத்தன தண்ணியும் ரோல் மேல விழுந்திருக்கணும் சார். துணி குடிச்சிடுச்சு."

அவர் தொட்டியைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார், அதைச் சுற்றியிருந்த ஸ்வெட்டரையும் பார்த்தார். "இது பீட்டர் ஸ்வெட்டர் அல்வா, இல்லையா?" என்று சிரித்தார். மிச்சமிருந்த மூன்று ரோலில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, "கேட்டரர் வேண்டாம்னு மேல நான் சொல்லிக்கறேன். நீங்க டின்னர் வேலையப் பாருங்க," என்று போனார். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிம்மதி.

அந்தப் பங்களாவில் அதற்குப் பிறகு எட்டு வருடம் வேலை செய்தேன். கேரல் மேடம் ஊருக்குப் போகும்போது குக்கரை எனக்கே விட்டுப்போனார். கொஞ்ச மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் புதுக் கண்ணாடி மூடி. அதற்குள் நாலாக மடித்து ஒரு டிஷ்யூ பேப்பர். கடிதம் இல்லை. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பீட்டர் சார் வாசலிலிருந்து ஓடி வந்தார்.

நான் கற்றது இதுதான். ஒருவர் வேலை செய்து காட்டும்போது உங்களுக்குத் தெரிந்த பகுதியைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். எது தேவையில்லாத வேலையாகத் தெரிகிறதோ அதைப் பற்றி முதலில் கேளுங்கள். கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் ஒரு மூடி போயிற்று. அவர் அனுப்பிய கண்ணாடி மூடி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஸ்டூ செய்தால் அதைத்தான் போடுகிறேன். ரோலுக்கு மட்டும் இன்றைக்கும் இட்லிப் பானை மூடியும் துணியும்தான்.