விழுந்த மூன்றாவது ஸ்ட்ரைக்

போன வாரம் பழனி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பள்ளி மாணவி. மடியிலிருந்த பையைத் திறந்தாள். வியர்வை ஊறிய தோல் கையுறையின் வாசனை குப்பென்று வந்தது. திண்டுக்கல்காரிக்குத் தோல் வாசனை புதிதா என்ன? தோல் பதனிடும் ஷாப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவள்தான் நானும். ஆனாலும் இந்த வாசனையை இழுத்து முகர்ந்தேன்.

“கிரிக்கெட்டா பாப்பா?” என்றார் கண்டக்டர்.

“பேஸ்பாலுண்ணே. நான் கேட்சர்.”

ஜெசிந்தா நினைவுக்கு வந்துவிட்டாள்.

அப்போது நான் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்த புதிது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோகோ. பேஸ்பால் அணி வேண்டும் என்றார்கள். ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்த தைரியத்தில் விசிலை மாட்டிக்கொண்டேன். அதில் ஒரு விதி மட்டும் என்னைப் படாத பாடு படுத்தியது. மட்டை பிடிப்பவள் மூன்று ஸ்ட்ரைக் விட்டால், அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை கோட்டைவிட்டால், அவுட். இது எல்லோருக்கும் புரியும். ஆனால் அந்த மூன்றாவது பந்தைப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் தவறவிட்டால், சில நேரங்களில் அவள் அவுட் இல்லை. மூலையில் பதித்திருக்கும் முதல் பேஸை நோக்கி ஓடலாம். அவளை அவுட்டாக்க, அவளுக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும். எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

எங்கள் கேட்சர் ஜெசிந்தா. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி விவசாயி வீட்டுப் பெண். விடுதியில் தங்கிப் படித்தாள். எவ்வளவு வேகமாகப் பந்து வந்தாலும் அசர மாட்டாள். தவறவிட்டால்தான் வம்பு. கண்ணாடிப் பாத்திரத்தை உடைத்தவள் போல உறைந்துபோய் என் முகத்தையே பார்ப்பாள். ஒரு ஆட்டத்தில் அப்படி நின்ற நேரத்தில் மட்டை பிடித்தவள் ஓடிவிட்டாள்; நாங்கள் தோற்றோம். ஜெசிந்தா முகக்கவசத்தைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

“இனிமே நான் குந்த மாட்டேன் டீச்சர். வேற ஆளப் பாருங்க.”

“நாளைக்கு ஒரு நாள் வா. அப்பறம் ஒன் இஷ்டம்.”

மறுநாள் வந்தாள். பந்து எறியும் பிட்சரை வேண்டுமென்றே தரையில் குத்திப் போடச் சொன்னேன். கவசத்தைக் கழற்று, பந்தைத் தேடு, எறி. அம்புட்டுத்தான் பாடம். முதல் பந்து நழுவியதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“நீங்க திரும்பிக்கிட்டா எப்படி டீச்சர்?”

“நான் பாத்தா மட்டும் பந்து எந்திரிச்சு வந்துருமா? தேடு!”

ஒரு மாதம் வேலியையும் வேப்பமரத்தையும் பார்த்தபடியே பயிற்சி கொடுத்தேன். டீச்சருக்குக் கழுத்துச் சுளுக்கு என்று பேச்சு கிளம்பியது. ஜெசிந்தாவோ நின்றுவிடவில்லை, தினமும் வந்தாள்.

அடுத்த போட்டி ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்து அணியோடு. கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, இன்னும் ஒரே ஒரு அவுட். மூன்றாவது ஸ்ட்ரைக்கை அம்பயர் கத்திச் சொன்னதுதான் தாமதம், எங்கள் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். முதல் பேஸில் நிற்க வேண்டியவள் பிட்சரைக் கட்டிப்பிடிக்க ஓடிவிட்டாள். நானும்தான், ஸ்கோர் எழுதிய டீச்சரைக் கட்டிக்கொண்டு குதித்தேன். பந்து ஜெசிந்தாவின் கையுறையில் பட்டுத் தெறித்ததை நான் பார்க்கவே இல்லை.

“ஓடு புள்ள, ஓடு!” என்று எதிரணி மாஸ்டர் அலறிய பிறகுதான் திரும்பினேன். தலை குனிந்து வெளியே நடந்துகொண்டிருந்த பெண் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஜெசிந்தா கவசத்தை வீசி எறிந்து பந்தைப் பொறுக்கினாள். முதல் பேஸில் ஆளில்லை. யாரிடம் எறிவது? என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கால்கவசம் தடதடக்க அவளும் ஓடினாள். இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே விழுந்தார்கள். புழுதி அடங்கியபோது பேஸின் மேல் முதலில் இருந்தது பந்து பிடித்த கை. அம்பயர் அவுட் என்றார்.

“என்ன டீச்சர், எல்லாரும் என்னய விட்டுட்டுப் போயிட்டீங்க?” என்றாள், முட்டியில் ரத்தத்தோடு, சிரித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு வேறு யாரையும் அந்த இடத்தில் அவள் குந்த விடவில்லை.

எங்கள் பள்ளி மைதானத்தில் இப்போது வகுப்பறைகள் எழும்பிவிட்டன. பிள்ளைகள் ஊருக்கு வெளியே புல் போட்ட மைதானத்தில் ஆடுகிறார்கள்; நன்றாகவும் ஆடுகிறார்கள். ஆனால் பயிற்சி முடிந்ததும் குழாயடியில் வரிசையாக நின்று முகம் கழுவ, ஒவ்வொரு முகமாக அடையாளம் தெரிய ஆரம்பிக்குமே, அந்தச் செம்மண் சாயங்காலங்கள்தான் இல்லை.