வராத இணைப்பைத் துண்டித்த கட்டணம்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் வரவே இல்லை. வராத கனெக்‌ஷனைத் துண்டித்ததற்குத்தான் கட்டணம் கேட்டார்கள். இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ராசிபுரத்துக்கு வெளியே புது லேஅவுட்டில் குடிவந்த சமயம். கேபிள் இழுக்க வந்த ஆள் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்தத் தெருவுக்கு இன்னும் லைன் வரலீங்க, கேன்சல் பண்ணிக்கோங்க" என்றார். பண்ணினேன். 'முன்கூட்டியே ரத்து செய்த கட்டணம்' என்று பில் வந்தது. லைன் இல்லை என்று அவர்களே அனுப்பிய மெசேஜைச் சேர்த்து மெயிலுக்கு மேல் மெயில் போட்டேன். ஒவ்வொரு பதிலிலும் என் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். எனக்குப் பொறுமை இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னது?

கடைசியில் விஷயம் வசூல் கம்பெனிக்குப் போய்விட்டது. சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் போன் அடிக்கும்.

"வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா மேடம்?"

"அனுப்புங்க. கனெக்‌ஷன் எங்க இருக்குன்னு அவரே தேடிப் பாக்கட்டும்."

வாய்தான் அப்படிப் பேசியது. வாசலில் பைக் நின்றாலே ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பேன். கட்டித் தொலைத்துவிடு, நிம்மதியாக இருக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். அவரோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டினால் ஏமாற்றியவள் நான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அது மட்டும் முடியாது.

ஒரு நாள் காலையில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. தவறு எங்களுடையது, கட்டணத்தை ரத்து செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. முதல் வேலையாக வசூல்காரருக்கு நானே போன் போட்டேன்.

"அது போன வாரமே கட்டியாச்சே மேடம்" என்றார். "ரெஃபரென்ஸ் நம்பர்ல பேசினோம். உடனே கட்டிட்டார்."

அது என் அண்ணன் நம்பர். எந்த ஃபாரத்தில் இன்னொரு நம்பர் கேட்டாலும் யோசிக்காமல் அதைத்தான் எழுதுவேன். அண்ணன் நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிறார். வசூல் போன் வருகிற வீடு என்று பேர் கிளம்பினால், அடுத்த வண்டிக்கு ஃபைனான்ஸ் கிடைக்காத தொழில். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமில்லீங்களா?"

"உடு அம்மிணி. கேட்டா நீ சங்கடப்படுவியேன்னுதான் கேக்கல. கையில இல்லாத நேரம் எல்லாருக்குந்தான் வரும்."

"நான் தர வேண்டியதே இல்லீங்கண்ணா. தப்பு அவங்க மேலன்னு அவங்களே எழுதிட்டாங்க."

அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்த லாரியை அணைத்தார்.

"நெசமாவா?" என்றார்.

முகம் தெரியாத ஒருவன் சொன்னதும் நம்பிப் பணம் கட்டிய அண்ணன், நான் சொல்வதற்கு நெசமாவா என்கிறார்.

அந்த மெயிலை அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் போடவில்லை. அவர் கட்டியதைத் திரும்பக் கேட்டு இப்போது மறுபடியும் மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். போனால் போகட்டும் என்கிறார் அவர். என்னால் விட முடியவில்லை. பணம் வந்ததும் பஸ் ஏறிப் போய் அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். அப்போதும், அதை நான் என் கையிலிருந்து போட்டுக் கொண்டுவந்ததாகத்தான் நினைப்பாரோ என்னவோ.