புரட்டாசிச் சனிக்கிழமையில் முட்டை கேக்

மகள் படிக்கும் கல்லூரியில் இன்று கேக் விற்பனை. முதியோர் இல்லத்துக்குப் போர்வை வாங்கப் பிள்ளைகளே செய்து விற்றார்கள். முட்டை மட்டும் எருமப்பட்டியில் இருக்கும் நம் கோழிப்பண்ணை உபயம். புரட்டாசியில் முட்டை விற்காமல் தேங்கிக் கிடக்கிறதே, அதனால் வந்த தாராளம்!

கடை திறந்ததுமே கூட்டம் கூடிவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"வாங்க, வாங்க! எல்லாம் நம்ம பண்ணை முட்டைங்க!" என்று கூவினேன்.

கேக்கை வாய் வரைக்கும் கொண்டுபோன ஓர் அம்மா அப்படியே நின்றார்.

"ஏனுங்க, இதுல முட்டை இருக்குதுங்களா? இன்னைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைங்க!"

வரிசை அப்படியே கலையத் தொடங்கியது.

மகள் பல்லைக் கடித்தாள். "அப்பா, சித்த அந்தப் பக்கம் போய் நில்லுங்கப்பா."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கேக்கு வேண்டாங்க. போர்வைக்குக் காசு மட்டும் போட்டுட்டுப் போங்க. புரட்டாசில தானம் பண்ணுனாப் புண்ணியந்தானுங்களே!"

முதலில் காசு போட்டது அந்த அம்மாதான். மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். போர்வைக்குத் தேவையான பணம் மதியத்துக்குள் சேர்ந்துவிட்டது.

கேக் அத்தனையும் இப்போது என் காரின் பின்சீட்டில். எங்கள் வீட்டிலும் எல்லோரும் விரதம். புரட்டாசி பார்க்காத நண்பர்கள் வெட்கப்படாமல் கமெண்டில் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.