மேலக்குளத்து மடைச்சாவி

மேலக்குளத்து மடையை முப்பது வருஷமாகத் திறந்து அடைத்தவர் காத்தமுத்து. யாரையும் கேட்டதில்லை. தண்ணீரைப் பார்ப்பார், திறப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஒன்றிய ஆபீஸ் வந்த பிறகுதான் கேட்கும்படி ஆயிற்று. நூறு ஏக்கருக்கு மேல் பாய்கிற குளம் பொதுப்பணித்துறைக்கு, குறைந்தால் ஒன்றியத்துக்கு. யாருக்கென்று முடிவாகும்வரை மடையைத் தொட்டால் கேஸ் என்று மிரட்டியிருந்தார் ஊர்க் கணக்குப்பிள்ளை.

அந்த ஐப்பசியில் சிறுமலைத் தண்ணீர் திரண்டு வந்து கரை கசிந்தது. மடையைத் திறந்தால் கரை தாங்கும். அனுமதி கேட்டு ஒன்றியத்துக்கு ஓடினார் காத்தமுத்து.

"உங்க குளம் நூத்தி நாலு ஏக்கர்யா. பொதுப்பணியில போய்க் கேளு."

பொதுப்பணித்துறையில் வேறு நோட்டு. "தொண்ணூத்தாறுதான இருக்கு? ஒன்றியத்துலயே கேளு."

தாசில்தார் இரண்டு பேருக்கும் கடிதம் எழுதி, கலெக்டருக்கு நகல் போட்டார். மூன்று நாள் நனைந்த வேட்டியோடு அலைந்தார் காத்தமுத்து. நாலாம் நாள் விடியும்போது குளம் உடைந்தது. கீழத்தெருவில் ஏழு பேர் தண்ணீரோடு போனார்கள். அதில் ஒருத்தி அவர் தங்கை அங்காளம்மாள்.

பத்து நாள் கழித்து இரண்டு ஆபீஸ்காரர்களும் ஒரே ஜீப்பில் வந்து குளம் பாயும் நிலத்தை அளந்தார்கள். அளவுச் சங்கிலியின் ஒரு முனையைக் காத்தமுத்துதான் பிடித்தார். மணல் மூடாமல் மிஞ்சியது எழுபது ஏக்கர்.

"இனிச் சந்தேகமே இல்ல, ஒன்றியத்துக் குளந்தான்" என்றார் பொதுப்பணிக்காரர், நிம்மதியாக.

காத்தமுத்து இடுப்பிலிருந்து மடைச்சாவியை அவிழ்த்து நீட்டினார்.

"இந்தாங்க சாமி. கரை கசிஞ்ச அன்னிக்கும் இது என் இடுப்புலதான் இருந்துச்சு. நாந்தான் ஒங்களக் கேட்டுப்புட்டேன்."