எங்களுக்கு முன் அந்தப் படுக்கையில் இருந்தவர்

என் கணவர் சேகருக்கு முதலில் வந்தது குளிர்தான். பெங்களூரில் குளிர்கிறது என்றால் யார் கவலைப்படுவார்கள்? தொம்மலூர் வீட்டில் இரண்டு போர்வை போர்த்திவிட்டு சுக்குக் காபி கொடுத்தேன். "இந்த ஊர்ல பொறந்து வளந்தவனுக்கே குளிருது மாலா" என்று பல் தந்தியடிக்கச் சிரித்தார். மறுநாள் காலை பேச்சு குழறியது.

அவசரப் பிரிவில் செப்சிஸ் (கிருமித் தொற்று இரத்தத்தில் பரவி உறுப்புகளைத் தாக்கும் நிலை) என்றார்கள். சிறுநீர்த் தொற்றில் தொடங்கியதாம். மருந்து ஏற்றியும் ரத்த அழுத்தம் நிற்கவில்லை.

"ஐசியூவுக்கு ஷிஃப்ட் பண்ணணும் மேடம். பெட் இல்ல. மேல ஒரு டிஸ்சார்ஜ் இருக்கு, ஸ்வல்ப வெயிட் பண்ணுங்க" என்றார் டாக்டர். சின்ன வயது. பாவம், ஓடிக்கொண்டேதான் பேசினார்.

காத்திருப்புதான் என் பிழைப்பே. அவசரப் பிரிவிலிருந்து நோயாளிகள் மேலே போக ஏன் தாமதமாகிறது என்பதற்குக் கணித மாதிரி (நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதி, நடக்கப்போவதைக் கணிப்பது) செய்யும் நிறுவனத்தில் வேலை. கீழே நெரிசல் என்றால் காரணம் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் படுக்கை காலியாகாது. அந்த இடைவெளியை நாங்கள் ஒரே எழுத்தால் குறிப்போம். பில், மருந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம்.

மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியும் அழைப்பு வரவில்லை. கேட்டதற்கு நர்ஸ் தயங்கினார். "பில் எல்லாம் முடிஞ்சது மேடம். மூணு மணி வரைக்கும் ராகு காலமாம். அது போகட்டும்ங்கறாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இங்கே சேகரின் விரல்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன, மேலே பஞ்சாங்கம் பார்க்கிறார்களா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று படியேறினேன்.

ஐசியூ வாசலில் என் வயதுப் பெண் ஒருவர் துணிப்பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டிஸ்சார்ஜ் உங்களுக்கா? நாங்க கீழ காத்திட்டிருக்கோம்."

"ஆமாங்க. நீலசந்திராவுல எங்க வீட்டுக்குப் போறோம். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்க. மூச்சு வீட்ல நிக்கட்டும்னு எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போறேன். போற மனுசன், வாசப்படிய நல்ல நேரத்துல தாண்டட்டுமே."

எனக்கு அழுகை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"கீழ இருக்கறது உங்க வீட்டுக்காரரா?"

தலையாட்டினேன்.

அவர் உள்ளே திரும்பினார். "அண்ணா, ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க. இப்பவே போயிடலாம்."

"வேணாங்க, இன்னும் கொஞ்ச நேரந்தானே" என்றேன். வாய்தான் சொன்னது. மனசு, சீக்கிரம், சீக்கிரம் என்று அடித்துக்கொண்டது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"இவருக்கு இனிமே எந்த நேரமா இருந்தா என்னங்க" என்றார்.

சேகருக்குப் படுக்கை கிடைத்தது. இரண்டு நாள் தேறி வந்தார். தெளிவாகப் பேசினார், தயிர்சாதம் கேட்டார்.

"இந்த பெட்ல முன்னாடி யாரு இருந்தா?"

"குணமாகி வீட்டுக்குப் போயிட்டாரு" என்றேன்.

"அப்ப ராசியான பெட்டுதான்" என்று சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு சிறுநீரகங்கள் கைவிட்டன. டயாலிசிஸும் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) பலிக்கவில்லை. நாங்களும் அந்தப் படுக்கையைக் காலி செய்தோம்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். மதியமானால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை, கால்கள் தாமாக எழுந்துகொள்கின்றன. அந்த இரண்டு நாளைத்தான் திரும்பத் திரும்ப வாழ்கிறேன். சேகரோடு வாழ்ந்த மற்ற வருஷங்களெல்லாம் அதைவிடச் சின்னதாகத் தெரிகின்றன. அந்த இரண்டு நாளும் எனக்கு வரவேண்டியவை என்றும் தோன்றுவதில்லை. இன்னொருத்தி தன் கணவனுக்கென்று வைத்திருந்த நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவை.

உங்களில் யாராவது இன்று கீழே காத்திருந்தால், கேளுங்கள், சண்டை போடுங்கள், மேலே ஏறிப் போங்கள். நான் தப்பு சொல்லமாட்டேன். சேகருக்குப் படைக்கிற நாளில் பக்கத்தில் இன்னொரு இலையும் போடுகிறேன். யாருக்கு என்று மாமியார் கேட்கிறார். எங்களுக்கு முன் அந்தப் படுக்கையில் இருந்தவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.