கொழுந்துக்குத் திறந்த பாதை

போன வருடம், மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்த கதை இது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் அக்காவும் கொழுந்து பறிக்கிறோம். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் டிவிசனிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் ரோட்டில் மண் சரியும். லொறி வராது, கொழுந்து போகாது, தொழிற்சாலை நின்றுவிடும். இனி அப்படி நிற்கவே கூடாது என்று ஒரு திட்டம் போட்டுக்கொண்டு கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். காலையில் எங்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி விளக்கினார். கரண்ட் போனால் ஜெனரேட்டர். விறகு முன்கூட்டியே அடுக்கப்படும். ரோடு போனால், காடேறிக் கிடக்கும் பழைய வண்டிப் பாதையில் டிராக்டர் ஓடும். நன்றாகத்தான் யோசித்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது.

அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "ரோடு போயிருச்சுன்னா, எங்க ஆளுக யாருக்காச்சும் முடியாம போனா எப்படிங்க கொண்டு போறது?" என்று கேட்டுவிட்டாள்.

அதிகாரி சிரித்துக்கொண்டே, "அது வேற பைல்ல வரும்மா" என்றார். அந்த வேறு பைலை இன்றுவரை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை.

பழைய பாதையைத் திறந்ததும் நாங்கள்தான். ஆண்கள் மண்வெட்டி பிடித்தார்கள், பெண்கள் கல் சுமந்தோம். மழை வந்தது, ரோடு போனது, திட்டம் சொன்னபடியே டிராக்டர் ஓடியது. தொழிற்சாலை ஒரு நாளும் நிற்கவில்லை.

வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள் மலையில் குளவிக் கூடு கலைந்தது. கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். அக்கா வழுக்கி விழுந்தாள், குளவி அவளை மொய்த்துவிட்டது. சாக்கால் மூடி இழுத்து வந்தபோது முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறினாள். வழக்கமாகக் குளவி கொட்டினால் கொழுந்து லொறியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். அன்றைக்கு ரோடு இன்னும் மூடித்தான் கிடந்தது, இருந்தது டிராக்டர் மட்டும். அதுவும் பெட்டி நிறைய மூட்டைகளோடு புறப்பட நின்றது.

பக்கத்தில் நின்ற சின்னத்துரை, எங்கள் தோட்டத்து உதவி மேனேஜர், அக்காவைப் பார்த்தார், மூட்டைகளையும் பார்த்தார். "மூட்டையில நேரமானா கொழுந்து சூடேறிரும்மா. எறக்கிட்டு ஒடனே வரும், அப்ப ஏத்திக்கலாம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அதுக்குள்ள மூச்சு நின்னுரும்ங்கய்யா" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் போனை எடுத்து யாரிடமோ கேட்கத் தொடங்கினார்.

டிராக்டர் ஓட்டியவர் எங்களுக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. வேறு டிவிசன்காரர். இறங்கி வந்து, கயிற்றை அவிழ்த்து, மூட்டைகளைப் பாதையோரம் உருட்டினார். "தங்கச்சி, தலைய மடியில வச்சுக்க. பாதை ரொம்பக் குலுக்கும்" என்று மட்டும் சொன்னார். தொழிற்சாலை வாசலில்கூட நிறுத்தாமல் நேராகப் பசறை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

அக்கா பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். கீழே உருட்டிய கொழுந்து வெயிலில் கிடந்து வீணானது. அந்த அண்ணனுக்கு வேலை போனது. ஆபீஸ் வாசலில் போய் நின்றோம், தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது கொழும்பில் ஏதோ ஒரு கடைக்குக் காவல் நிற்கிறாராம். நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த வருடமும் மழைக்கு முன்னால் அதே அதிகாரி வந்தார். போன முறை கிடைத்த அனுபவத்தை வைத்துத் திட்டத்தைத் திருத்தியிருப்பதாகச் சொன்னார். எனக்குள் பைத்தியக்காரத்தனமாக ஒரு நம்பிக்கை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் டிராக்டரில் டிரைவரோடு இன்னோர் ஆளும் போவாராம், கொழுந்து வழியில் எங்கேயும் இறங்காமல் பார்த்துக்கொள்வதற்கு.

அக்கா இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவள் கூடையோடு எனக்கு முன்னால் மலையேறும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், இவள் உயிரோடு இருப்பது அவர்களுடைய திட்டத்தில் இனி நடக்கவே கூடாத ஒரு தவறு.