பிரேக் பிடிக்காத ஜீப்

எங்கள் வீட்டில் முதல் மரியாதை ஜீப்புக்குத்தான். மேனாம்பேட்டில் மாமனார் பிரித்துக் கொடுத்த மனையில் வீடு கட்டியபோது, படுக்கையறையில் ஒரு முழம் குறைத்து வண்டிக் கொட்டகையை அகலப்படுத்தியவர் என் கணவர். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நான் இன்றைக்கும் பக்கவாட்டில்தான் நடக்கிறேன். வண்டி கைகாலை நீட்டிக்கொண்டு சௌகரியமாக நிற்கிறது.

ராணுவத்தில் உழைத்துத் தேய்ந்து, ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து எங்களிடம் வந்த வண்டி அது. கதவு கிடையாது. மேலே ஒரு கித்தான் துணி. ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். பிரேக் அதைவிட மோசம். இந்தக் காலத்துக் கார்களில் பாதத்தை வைத்தாலே வண்டி நின்றுவிடும், இதில் ஏறி மிதிக்க வேண்டும். போதாததற்கு, இடது பக்கச் சக்கரத்து நட்டுகள் மற்ற வண்டிகளுக்கெல்லாம் எதிர்த் திசையில் கழலும். இது தெரியாத ஒரு பஞ்சர் கடைக்காரர், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய் ஒரு நட்டை முறித்தே விட்டார். அன்று இவர் அவரைத் திட்டியதைவிட, வீட்டுக்கு வந்து வண்டியைத் தடவிக் கொடுத்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இவருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வருஷக்கணக்கில் கொடுத்ததில், எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே எடுத்து நீட்டும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஆனால் ஓட்டுவதற்கு மட்டும் கொடுக்க மாட்டார். கார் லைசென்ஸ் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், "அத்த வெச்சிகினு காரு ஓட்டு. இது உனுக்கு அடங்காதுமே" என்பார். நான் சேலத்துக்காரி. இந்த 'மே'வுக்குப் பழகவே எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ஒரு நாள் காலை பல் துலக்கும்போது அவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் வாதம். ஆஸ்பத்திரியில் பேச்சு திரும்பி வந்தபோது அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம், "வண்டிய ஸ்டார்ட் பண்ணி வை, பேட்டரி எறங்கிடும்." பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் வீட்டுக்குப் போய் ஸ்டார்ட் பண்ணித்தான் வைத்தேன்.

மாதங்கள் போனதும் நடை வந்தது. கை பாதி வந்தது. காலில் கொஞ்சம் உணர்ச்சி குறைவு என்றார் டாக்டர். வண்டி ஓட்டலாமா என்று இவர் கேட்டதற்கு, "நடங்க, பாக்கலாம்" என்றார். 'பாக்கலாம்' என்பதை இவர் 'ஓட்டலாம்' என்றே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பயிற்சியில் காட்டிய வேகமே வேறு. ஷேர் ஆட்டோ ஏறித் தனியாகவே பிசியோதெரபிக்குப் போக ஆரம்பித்தார். திரும்ப வண்டி ஓட்டிவிட்டால் தான் பழைய ஆள் என்று அவருக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நானும் நம்பினேன்.

முதல் ஒத்திகை எங்கள் சந்துக்குள்ளேயே. முதல் கியரில், நடக்கிற வேகத்தில். நான் பக்கத்து சீட்டில். கேட் தாண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. பக்கத்து மனையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்காகக் கொட்டியிருந்த மணல்மேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நான் கைபிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தேன்.

"பிரேக்கு புடிக்கலமே. லைன்ல ஏர் பூந்துகீது" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. பல மாதம் ஓடாமல் நின்ற வண்டி. பிரேக் ஆயில் போகிற குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறக்க வேண்டும். காற்றும் ஆயிலுமாகப் பீய்ச்சும். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்பெல்லாம் அவர் கீழே, நான் மேலே. இப்போது அவரால் குனிந்து படுக்க முடியாது, ஸ்பேனரைத் திருப்பக் கையில் தெம்பு இல்லை. அதனால் அவர் மேலே ஏறிக்கொண்டார். நான் நைட்டிக்கு மேல் அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே போனேன்.

"மிதிங்க!"

"மிதிச்சிட்டேன்."

"பிடிச்சிருக்கீங்களா?"

"புச்சிகினுதாம்மே கீறேன், தொற!"

திறந்தால் ஆயில் பீய்ச்சவில்லை. பல் தேய்க்கும்போது சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி மெதுவாக வந்தது. குமிழி ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் செய்தோம். மறுபடி சந்தில் ஓட்டிப் பார்த்தார், மறுபடி மணல்.

அடுத்த ஞாயிறு ரப்பர் குழாய்களை மாற்றினோம். உள்ளே அடைத்திருக்கும், அதனால்தான் வேகம் இல்லை என்பது அவர் கட்சி. அதற்கடுத்த ஞாயிறு சக்கரத்து வாஷர்கள். பிறகு பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையே பிரித்து மாட்டினேன். ஆயில் பட்டு என் கை தோல் உரிந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என் தலையைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னாக்கா, இந்த வாரமும் பிரேக்கா? வண்டி ஓட்றீங்களா, இல்ல கயட்டிக் கயட்டி வெளாட்றீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து இவர்மேல் எரிந்து விழுந்தேன், இந்தத் தகர டப்பாவை எடைக்குப் போட்டுத் தொலையுங்கள் என்று. அவர் கோபப்படவில்லை. "ஏர மட்டும் எடுத்துட்டா போதும்மே, அப்பாலிக்கா ஒண்ணும் இல்ல" என்றார். கெஞ்சுகிற குரல். அந்தக் குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. ஜாக்கியை எடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் பிசியோதெரபிக்குப் போயிருந்தார். எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கலாமே என்று கொட்டகைக்குப் போனேன். மிதிப்பதற்கு ஆள் இல்லை. சரி, நாமே மிதித்துவிட்டு இறங்கிப் பார்ப்போம் என்று ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பெடல் பாதி வரை இறங்கி, கல் மாதிரி நின்றது. விட்டு மறுபடி மிதித்தேன். கல்தான். கீழே இறங்கிச் சக்கரங்களைப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

சாவி ஆணியில் தொங்கியது. எடுத்தேன். கேட்டைத் திறந்து, வண்டியை முதல் கியரில் சந்துக்குள் இறக்கி, கொஞ்ச தூரம் விட்டு, பிரேக்கை ஏறி மிதித்தேன். சக்கரம் நான்கும் செத்து நின்றன. என் நெஞ்சு ஸ்டீயரிங்கில் போய் மோதியது. மணல்மேடு இன்னும் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைனில் காற்றே இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே அது போயிருக்க வேண்டும்; பிறகு பிரித்தபோது புகுந்ததையும் அந்தந்த ஞாயிறே வெளியேற்றிவிட்டோம். இத்தனை வாரமும் நான் நிப்பிளைத் திறந்தபோது மெதுவாக வந்தது ஆயிலின் குறை இல்லை, அவர் காலின் குறை. பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் முழுப் பலத்தோடு மிதிக்கிறோம் என்றே அவர் நினைத்திருக்கிறார். எது நின்றாலும் முதலில் வண்டியில் பழுது தேடியே பழகிய வீடு எங்களுடையது. மனுஷன் பக்கம் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக் சரியாக இருப்பதற்காக உலகத்திலேயே அன்று வருத்தப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தலையைத் தூக்கினால் சந்து முனையில் அவர் நிற்கிறார். ஆட்டோ அவரை இறக்கிவிட்டுப் போயிருந்தது. காலை இழுத்து இழுத்து வந்து, முதலில் என்னைப் பார்க்கவில்லை. சக்கரம் மண்ணில் கீறிய தடத்தைப் பார்த்தார்.

"இன்னா மாத்துன?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் தயாராகவே வந்தது. ஏதோ ஒரு வாஷரின் பேரைச் சொல்லியிருந்தால் அவர் முகம் அப்போதே மலர்ந்திருக்கும். மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டுக்குப் போயிருப்பார். அங்கே மணல்மேடு கிடையாது.

"ஒண்ணும் மாத்தலைங்க. போன வாரம் நாம விட்டபடியேதான் இருக்கு" என்றேன்.

அவர் வண்டியின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அது வலது கை. அழுத்தி ஊன்றுவதாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கும். இறங்கிப் போய் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நான் காலை எடுத்தால் வண்டி உருளும், கைபிரேக் நினைவுக்கே வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப லைனு கிளீனா கீது" என்றார்.

"ஆமாங்க."

உள்ளே போய்விட்டார். அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹாரன் அடித்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் சட்டை மாற்றி, தலை வாரி, வழக்கமாக நான் உட்காரும் இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருந்தார். கையை எட்டி நீட்டி ஹாரனை அழுத்தியிருக்கிறார்.

"வேலப்பன்சாவடி வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். சாவியக் கொண்டா. அடுப்ப ஆப் பண்ணிட்டு வா."

ஓட்டினேன். ஓட்டினேன் என்பது பேருக்குத்தான், உண்மையில் ஓட்டியது அவர் வாய். "ரெண்டாவது போடு. கிளட்ச்ச முய்சா வுடுமே. லாரிக்காரன் வரான், வர்ட்டும், நீ உன் கோட்டுல போ." தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஆனால் வண்டி எனக்கு அடங்கித்தான் வந்தது. அதை அவரிடம் சொல்லிக்காட்டலாம் என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை.

வேலப்பன்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், எங்களுக்கு முன்னே போன காலேஜ் பஸ் திடீரென்று நின்றது. ஏறி மிதித்தேன். பஸ்ஸின் பின் பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால், அவர் தன் பக்கத்துத் தரைத் தகட்டில் வலது காலை ஊன்றி, தொடை நடுங்க அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பும் வரை அந்தக் காலை எடுக்கவில்லை.

"இன்னாமே இவ்ளோ லேட்டு?" என்றார். "நான் எப்பவோ மிதிச்சிட்டேன்."